நத்தைக்கு என்ன கூட்டம்? தரைநத்தைகளின் தாய்வழி டி.என்.ஏ. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்கள் தோட்டம். பிழைப்புக்குக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ராத்திரியில் டார்ச்சும் டப்பாவுமாக வரப்பில் நத்தை பொறுக்கக் கிளம்பிவிடுவேன். பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? மாணவர்கள் ஒரு தினுசாகக் கேட்பார்கள், தோட்டக்காரர்கள் ஒரு தினுசு, எங்கள் அத்தை வேறொரு தினுசு. சொன்னதையே சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதிவைத்துவிட்டேன். மேலிருந்து கீழே படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நடக்கும்.

"ஏனுங் டீச்சர், நத்தைன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே? அதென்ன தனியா தரைநத்தை?"

நெல் வயலில் இருக்கும் நத்தையை ஒரு கையிலும் வாழைத் தோட்டத்து நத்தையை ஒரு கையிலும் எடுத்துப் பாருங்கள். வயல் நத்தையைத் தொட்டதும் உள்ளே போய், ஒரு மூடியைப் படக்கென்று சாத்திக்கொள்ளும். பி.எஸ்சி.யில் நாமெல்லாம் அறுத்துப் பார்த்த பைலா அதுதான். வாழை நத்தைக்கு மூடி கிடையாது. வெயில் காலத்தில் தன் கோழையையே வாசலில் பூசிக் காயவிட்டு, அப்பளம் மாதிரி ஒரு திரை போட்டுக்கொண்டு தூங்கும். அதற்குக் கொம்பு நான்கு. மேல் இரண்டின் நுனியில் கண். தொட்டால் சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்த மாதிரி கொம்பு தனக்குள்ளேயே சுருண்டு போய்விடும்.

தண்ணீரிலிருந்து தரைக்கு நத்தைகள் ஒரே தடவையில் ஏறி வந்துவிடவில்லை. வெவ்வேறு வம்சங்கள், வெவ்வேறு காலங்களில், குறைந்தது பத்து தடவையாவது தனித்தனியாக ஏறியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் சைக்ளோஃபோரஸ் என்று ஒன்று உண்டு. குடியிருப்பது தரையில்தான், ஆனால் மூடி வைத்திருக்கும். உறவுமுறை பார்த்தால் அது வயல் நத்தை பக்கம்தான் சேரும், வாழை நத்தை பக்கம் சேராது. கீழே நான் தரைநத்தை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த நான்கு கொம்புக் கூட்டத்தைத்தான். உலகத்தில் அதில் மட்டும் 20,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன.

"மைட்டோகாண்ட்ரியான்னா செல்லோட பவர் ஹவுஸ்னு படிச்சோம். அதுக்கும் நத்தை வம்சத்துக்கும் என்னங் மிஸ் சம்பந்தம்?"

செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. அம்மாவும் அப்பாவும் பாதிப் பாதி கொடுத்தது. தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துகொண்டே வரும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. அது முட்டை வழியாக, அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. கலைப்பதற்கு ஆள் இல்லாததால், எப்போதாவது விழும் எழுத்துப் பிழைகளைத் தவிர, அப்படியே கைமாறும்.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "என்ன கூட்டம்?" ஒரே கூட்டமென்றால் பங்காளி, பேச்சு அதோடு முடிந்தது. கூட்டப் பேர் அப்பன் வழியில் வரும், எந்த ஊருக்குக் குடிபோனாலும் மாறாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யும் அப்படியொரு கூட்டப் பேர்தான்; அம்மா வழியில் வருகிறது என்பதுதான் வித்தியாசம். கூட்டப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருடைய அம்மாயி வீட்டுக் கதையைச் சொல்ல முடியாது அல்லவா? அதேபோல் இதை வைத்து அப்பன் வீட்டுக் கதை தெரியாது. இந்த ஒன்றை மட்டும் கடைசிவரை ஞாபகத்தில் வையுங்கள்.

"அந்த வளையம் எவ்வளவு பெருசு?"

ரொம்பச் சின்னது. டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே வேதி எழுத்துகளில் எழுதிய நீளமான வரி; ஒன்றின் மொத்த டி.என்.ஏ.வையும் ஜீனோம் என்பார்கள். 1995இல் கிரேக்க நாட்டு நத்தை ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமை முழுதாகப் படித்தார்கள். அல்பினாரியா சீருலியா என்று பெயர், மொத்தம் 14,130 எழுத்து. நம் தோட்டங்களில் திரியும் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு 15,057. மனிதனுக்கு 16,569. ராட்சத நத்தையின் உட்கரு ஜீனோம் ஏறக்குறைய 185 கோடி எழுத்து என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது பெரிய நூலகம் என்றால் இது பஸ் டிக்கெட்.

அந்த டிக்கெட்டுக்குள் 37 மரபணுக்கள் இருக்கின்றன. 13 புரதம் செய்வதற்கு, 2 புரதம் கட்டும் பட்டறையான ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கு, 22 அந்தப் பட்டறைக்கு அமினோ அமிலம் சுமந்து வரும் டி-ஆர்.என்.ஏ.வுக்கு. இடம் போதாமல் ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை ஏறி உட்கார்ந்திருக்கும். ஜப்பான் நத்தை ஒன்றில் இப்படி மேலே ஏறியதால் கெட்டுப்போன டி-ஆர்.என்.ஏ. நுனிகளை, படியெடுத்த பிறகு செல்லே திருத்திக்கொள்கிறது என்று 1995இலேயே கண்டுபிடித்தார்கள். சிக்கனம் என்றால் எங்கள் அத்தை கூடத் தோற்றுப்போகும் சிக்கனம்.

"நத்தை ஆணும் பொண்ணும் ஒண்ணாவே இருக்குமாமே. அப்பறம் எப்படிங் அம்மா வழின்னு சொல்றீங்?"

நல்ல கேள்வி. முதலில் கேட்டது ஒரு டிராக்டர் ஓட்டுநர், மாணவர்கள் யாரும் கேட்கவில்லை. நான்கு கொம்பு நத்தை ஒவ்வொன்றும் இருபாலி. இரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டுமே விந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, இரண்டுமே முட்டை இடும். என் முட்டைக்கு நான் அம்மா, நீ அப்பா. உன் முட்டைக்கு நீ அம்மா, நான் அப்பா. எந்த நத்தையின் உடம்பிலிருந்து முட்டை வந்ததோ, அதன் மைட்டோகாண்ட்ரியாதான் குஞ்சுக்குப் போகும். ஆகவே தாய்வழி என்ற கணக்கு கெடுவதில்லை. ஆண் நத்தை, பெண் நத்தை என்று பிரித்துப் பேசுவதுதான் இங்கே செல்லாது.

"நத்தை வயித்துலயும் முத்துப் பொறக்கும்னு சொல்றாங்களே அம்மிணி, நெசமா?"

தரைநத்தை வயிற்றில் பிறக்காது அத்தை. முத்து விளைவது பெரும்பாலும் சிப்பியிலும் மட்டியிலும். அவையும் மெல்லுடலிகள்தான், நத்தைக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: மட்டிகளில் சில வகைகள், அம்மா மைட்டோகாண்ட்ரியாவை எல்லாக் குஞ்சுக்கும், அப்பா மைட்டோகாண்ட்ரியாவை ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கின்றன. தாய்வழி விதிக்குப் பேர்போன விதிவிலக்கு அது.

"ஓட்டைப் பார்த்தாலே இன்ன வகைன்னு சொல்லிப் போடலாமே. டி.என்.ஏ. எதுக்கு?"

பல நேரம் ஓடு போதும். வெள்ளை ஓட்டில் பழுப்புக் கோடு சுற்றிய கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸை எங்கள் தோட்டத்து ஆட்களே ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். வகை சொல்ல ஓடு உதவும், உறவு சொல்வதில்தான் காலை வாரிவிடும். ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்தால் ஒரே மாதிரி ஓடு அமைந்துவிடுகிறது. ஓட்டையே தொலைத்த நத்தைகளும் அப்படித்தான்: உலகத்தில் பல வம்சங்கள் தனித்தனியாக ஓட்டைக் கைவிட்டிருக்கின்றன. மழை நாளில் குளியலறைச் சுவரில் ஏறும் கறுப்பான, முதுகில் வெளிர்க் கோடு போட்ட ஓடில்லாத நத்தை லெவிகாலிஸ் ஆல்ட்டே. ஆப்பிரிக்கா அதன் பூர்வீகம். நான்கு கொம்புக் கூட்டத்திலேயே அதற்கு இடம் இல்லை. கடற்கரைச் சேற்றில் திரியும் ஓடில்லாத நத்தைகள்தான் அதற்கு நெருங்கிய சொந்தம்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் பூந்தொட்டிக்குள் இருக்கிறது. மண்ணைக் கிளறினால் நெல்மணியைவிடச் சற்று நீளமாக, ஊசி மாதிரி மெல்லிய ஒரு நத்தை வரும்; அலோபியஸ் கிராசிலே. அதை உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் கைமுட்டி அளவு ராட்சத நத்தையையும் கிரிப்டோசோனாவையும் வைத்தால், எந்த இரண்டு சொந்தம் என்பீர்கள்? வகுப்பில் கேட்டால் எல்லாரும் பெரியவை இரண்டையும் சேர்ப்பார்கள். உண்மையில் ஊசி நத்தைதான் ராட்சதனுக்குச் சொந்தக்காரன். நான்கு கொம்புக் கூட்டம் இரண்டு பெரிய கிளையாகப் பிரிகிறது என்று 2001இல் உட்கரு மரபணுக்களை வைத்துக் காட்டினார்கள். ராட்சதனும் ஊசியும் ஒரு கிளையில் இருக்க, கிரிப்டோசோனா அடுத்த கிளையில் உட்கார்ந்திருக்கிறது.

"சரிங்க மேடம், வெறும் எழுத்தை வெச்சு யார் யாருக்குச் சொந்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?"

ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டை ஏடு பெயர்த்து எழுதுகிறவர் ஓர் இடத்தில் பிழை விடுகிறார். அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் அதே பிழையோடு எழுதுவார்கள். பின்னாளில் பத்துச் சுவடிகள் கிடைத்தால், எந்தெந்தச் சுவடி ஒரே பாடபேதத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது என்று பார்த்தே எது எதிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பிழையில்லாத பகுதி எல்லாச் சுவடியிலும் ஒன்றாகவே இருக்கும்; அதை வைத்து உறவு சொல்ல முடியாது. பகிர்ந்துகொண்ட பிழைதான் சாட்சி.

நாங்கள் செய்வதும் இதேதான். ஐந்து நத்தைகளின் டி.என்.ஏ. எழுத்து வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவோம். 212ஆம் இடத்தில் மூன்று நத்தைக்கு 'டி', இரண்டுக்கு 'சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறியது எது, பழையது எது? அதைச் சொல்ல, ஐவருக்கும் தூரமான ஆறாவது நத்தை ஒன்று வேண்டும். அதில் 'டி' இருந்தால் 'சி' வந்தது பிற்பாடு, அந்த இரண்டும் கிட்டத்துச் சொந்தம். இப்படி ஆயிரக்கணக்கான இடங்களைக் கணிப்பொறி எடை போட்டுத் தரும் படம்தான் வம்ச மரம்.

"எங்க வாழையை மொட்டையடிக்கிற பெரிய நத்தை எந்த ஊருச் சரக்குங்க?"

கிழக்கு ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குள் வந்த கதை எழுத்தில் பதிவாகி இருக்கிறது. 1847இல் வில்லியம் ஹென்றி பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தவை கல்கத்தா சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து நாற்று, மரச்சரக்கு, மண்ணோடு மண்ணாக ஊர் ஊராகப் போயிற்று.

மைட்டோகாண்ட்ரியா இங்கே அழகாகப் பேசுகிறது. உலகம் முழுக்க எடுத்த ராட்சத நத்தைகளில் 16எஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தபோது, இந்தியப் பெருங்கடல் தீவுகளில் வகை வகையாக இருந்தது. ஆனால் உலகெங்கும் பரவிப் பயிரைத் தின்றுகொண்டிருப்பது பெரும்பாலும் ஒரே வகைத் தாய்வழிதான். கூட்டப் பேர் ஒன்று, ஊர் ஆயிரம். சில தாய்களின் வாரிசுகளே இத்தனை நாட்டை மேய்கின்றன என்று அர்த்தம்.

"நத்தை போன ரூட்டை இதை வெச்சுக் கண்டுபிடிக்க முடியும்கிறீங்களா?"

சில நேரம் ஆச்சரியமாகவே முடியும். ஐரோப்பாவில் செபியா நெமொராலிஸ் என்று கோடு போட்ட ஓர் அழகு நத்தை. அயர்லாந்தில் அதற்கு இருக்கும் ஒரு தாய்வழி, பக்கத்திலேயே இருக்கும் பிரிட்டனில் அனேகமாக இல்லை; பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் பிரனீஸ் மலையில் இருக்கிறது. சுமார் 8,000 வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து அயர்லாந்துக்குப் படகேறிய மனிதர்களோடு நத்தையும் போயிருக்க வேண்டும் என்று 2013இல் எழுதினார்கள். சாப்பிடக் கொண்டுபோனார்களோ, சரக்கில் ஒட்டிக்கொண்டு போனதோ.

"காக்ஸ்-1 ஒண்ணைப் படிச்சாப் போதாதா? முழு வளையத்துக்கும் எதுக்குச் செலவு?"

வளையத்தின் 13 புரத மரபணுக்களில் ஒன்றுதான் காக்ஸ்-1. அதில் 658 எழுத்துள்ள ஒரு துண்டைத்தான் உலகமே இனம் காட்டும் அட்டையாகப் பயன்படுத்துகிறது. 2003இலிருந்து இந்தப் பழக்கம். பூச்சியா நத்தையா, உள்ளூரா வந்தேறியா என்று பார்க்க அது தாராளமாகப் போதும். பி.எஸ்சி. பிராஜெக்ட்டுக்கு முழு வளையம் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம்.

கிட்டத்துச் சொந்தங்களுக்கு 658 எழுத்து சரி. தூரத்துச் சொந்தத்துக்குப் போகப்போக, மாறக்கூடிய இடங்கள் எல்லாம் ஒன்றுக்கு நான்கு தடவை மாறிவிட்டிருக்கும். பழைய பிழை மேல் புதுப் பிழை எழுதிய சுவடியில் எதைப் படிப்பது? அப்போது மெதுவாக மாறும் மற்ற மரபணுக்களும் வேண்டும். 13 புரத மரபணுக்களையும் சேர்த்தால் குடும்பம், குடும்பத்துக்கு மேல் என்று கொஞ்சம் துணிந்து பேசலாம்.

"மேடம், எனக்கு ரெண்டு நத்தைக்கு நடுவுல 12 சதவீதம் வித்தியாசம் வந்துருச்சு. புது இனம்தானே? பேர் வெச்சரலாமா?"

வைக்காதே கண்ணு. வருடத்துக்கு ஒருவராவது கண்ணில் மின்னலோடு வந்து நிற்கிறார்கள். பறவையிலும் பட்டாம்பூச்சியிலும் இரண்டு மூன்று சதவீதத்துக்கே வேறு இனம் என்று சந்தேகப்படுவோம். தரைநத்தையில் அந்த அளவுகோல் ஒடிந்துபோகும். மேலே சொன்ன செபியா நத்தையில் ஒரே இனத்துக்குள்ளேயே 10 சதவீதத்தைத் தாண்டிய வேறுபாடு இருப்பதாக 1996இலேயே கண்டு திகைத்துப் போனார்கள்.

இதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்ல முடியாது. தரைநத்தைகளில் மைட்டோகாண்ட்ரியா வேகமாக மாறுகிறது என்பது ஒன்று. நத்தை நகராது என்பது இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு பாறை இடுக்கில் ஒரு தாய்வழி, அடுத்த ஓடைக்கு அப்பால் இன்னொரு தாய்வழி என்று லட்சக்கணக்கான வருடம் ஒட்டாமல் கிடந்துவிட்டு, பிற்பாடு எப்போதோ கலந்தால், ஒரே புதருக்குள் இரண்டு பழைய கூட்டங்கள் ஒன்றாக மேயும். அதனால் புது இனம் என்று சொல்வதற்கு முன்னால் உள்ளுறுப்பை, முக்கியமாக இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். உட்கரு மரபணு ஒன்றையாவது படிக்க வேண்டும். இரண்டும் சதவீதத்தோடு ஒத்துப்போனால் பேசலாம்.

"நத்தையில டி.என்.ஏ. எடுத்தா ஜெல்லி மாதிரி வருது. பி.சி.ஆர். ஓடவே மாட்டேங்குது. என்ன பண்றது?"

கோழைதான் வில்லன். அதில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்து, குழாயின் அடியில் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி உட்கார்ந்துகொண்டு, பி.சி.ஆரில் டி.என்.ஏ.வை நகல் எடுத்துப் பெருக்கும் நொதியை வேலை செய்ய விடாது. நான் முதல் வருடம் பெரிய துண்டு எடுத்தால் நிறைய டி.என்.ஏ. வரும் என்று நினைத்து, கட்டைவிரல் நகம் அளவு சதையைப் போட்டு, மூன்று மாதம் வெறும் ஜெல் படமாகப் பார்த்தேன். ஒரு கோடுகூட விழவில்லை. பாதத்திலிருந்து அரிசி அளவு போதும். கோழையைத் துடைத்துவிட்டு எடுங்கள். சி.டாப் என்ற சோப்பு மாதிரிக் கரைசலில் டி.என்.ஏ. எடுக்கும் முறை நத்தைக்கு நன்றாக ஒத்துவரும். அப்படியும் ஓடாவிட்டால் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் பாருங்கள். குறைத்தால் ஓடும் என்பதை நம்பவே முடியாது, ஆனால் ஓடும்.

"வரிசையை மொழிபெயர்த்தா நடுநடுவுல முற்றுப்புள்ளி விழுது. கெட்டுப்போச்சா?"

டி.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலமாக மாற்றுவதுதான் மொழிபெயர்ப்பு; 'இத்தோடு நிறுத்து' என்று சொல்லும் மூன்றெழுத்துதான் முற்றுப்புள்ளி. முதலில் எந்த அகராதியை வைத்துப் படித்தாய் என்று பார். மைட்டோகாண்ட்ரியாவுக்கு மரபுக் குறியீடு தனி. அதிலும் முதுகெலும்பு உள்ளவைக்கு ஒன்று, நத்தை பூச்சிகளுக்கு வேறு. 'ஏஜிஏ' என்ற மூன்றெழுத்து நம் மைட்டோகாண்ட்ரியாவில் முற்றுப்புள்ளி, நத்தைக்கோ செரின் என்ற அமினோ அமிலம். 'டிஜிஏ' சாதாரண அகராதியில் நிறுத்தம், நத்தை மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபேன். மென்பொருளில் ஐந்தாம் எண் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் முக்கால்வாசி அழுகை அங்கேயே நின்றுவிடும்.

அதற்கப்புறமும் முற்றுப்புள்ளி விழுந்தால்தான் கவலை. மைட்டோகாண்ட்ரியா துண்டுகள் எப்போதோ உட்கருவுக்குள் போய் ஒட்டி, வேலை செய்யாத நகலாகக் கிடப்பதுண்டு. பி.சி.ஆர். அதைப் பிடித்து வந்திருக்கலாம். அப்படிப்பட்ட வரிசையை மரத்தில் ஏற்றக் கூடாது.

"மரபணு இருக்கிற வரிசை மாறுமாமே, அதை வெச்சும் சொந்தம் சொல்லலாமா?"

சொல்லலாம், அளவோடு. கோபியிலிருந்து ஈரோடு போகும் பஸ் கவுந்தப்பாடி, சித்தோடு என்று பெரிய ஊர்களை அதே வரிசையில்தான் தொடும். ஆனால் ஆளைப் பார்த்து நிறுத்தும் சின்ன நிறுத்தங்கள் பஸ்ஸுக்குப் பஸ் மாறும். தரைநத்தை வளையத்தில் புரத மரபணுக்கள் பெரிய ஊர் மாதிரி, பெரும்பாலும் இடம் மாறாது. 22 டி-ஆர்.என்.ஏ.க்கள்தான் அடிக்கடி தாவும். இரண்டு நத்தைகளில் ஒரே தாவல் இருந்தால் அது பகிர்ந்துகொண்ட பிழை, சுவடிக் கணக்கில் நல்ல சாட்சி. ஆனால் ஒரே தாவல் இரண்டு வம்சத்தில் தனித்தனியாகவும் நடந்துவிடலாம். அதனால் நான் இதை இரண்டாம் சாட்சியாகத்தான் கூப்பிடுவேன்.

"வலம்புரிச் சங்கு மாதிரி, எதிர்ப்பக்கம் சுத்தற நத்தை வேற சாதியா?"

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் வலம்புரி என்று கொண்டாடும் சங்கைத்தான் அறிவியல் இடஞ்சுழி என்கிறது. சாதாரண இடம்புரிச் சங்கு அங்கே வலஞ்சுழி. எந்த முனையை மேலே வைத்துப் பார்க்கிறோம் என்பதில் வந்த சண்டை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏரியோஃபாண்டா பேரினத்தில் இயல்பாகவே இடஞ்சுழியான இனங்கள் உண்டு. அங்கே அது இன அடையாளம். வலஞ்சுழி இனத்தில் தப்பிப் பிறந்த ஒற்றை இடஞ்சுழி வேறு இனம் ஆகாது. இங்கே புத்திசாலி மாணவர்கள் ஒரு குழியில் விழுவார்கள். குளத்து நத்தைகளில் குஞ்சு எந்தப் பக்கம் சுழல்வது என்பதை அம்மாவின் மரபணுதான் முடிவு செய்கிறது, அப்படியென்றால் மைட்டோகாண்ட்ரியாதானே என்பார்கள். இல்லை. அது அம்மாவின் உட்கருவில் இருக்கும் மரபணு. அம்மா முட்டைக்குள் போட்டுவைத்த சரக்கின் வேலை. தாய் முடிவு செய்வது வேறு, தாய்வழியில் மட்டும் வருவது வேறு.

"பாடப் புத்தகத்துல பல்மொனேட்டான்னு இருக்கு. நெட்ல அப்படி ஒரு பிரிவே இல்லைங்கறாங்க. பரீட்சையில எதை எழுதறது?"

பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண் முக்கியம். வெளியே வந்ததும் இதைப் படி. நுரையீரல் உள்ள நத்தைகளை எல்லாம் ஒரே பிரிவாகக் கட்டியது பழைய பழக்கம். முழு மைட்டோகாண்ட்ரியா ஜீனோம்களை வைத்து ஆரம்பத்தில் மரம் போட்டபோது, நான்கு கொம்புத் தரைநத்தைகள் மற்ற நுரையீரல் நத்தைகளை விட்டு விலகி, மரத்தின் அடியில் தனியாகப் போய் நின்றன. உட்கரு மரபணுக்களோ அவற்றை மற்ற நுரையீரல் நத்தைகளோடுதான் சேர்த்தன. கூடவே கடலில் பாசிச் சாறு உறிஞ்சும் ஓடில்லாத நத்தைகள் சிலவற்றையும் அதே பந்தியில் உட்கார வைத்தன. இன்று பான்பல்மொனேட்டா என்று சொல்வது இந்தப் பெரிய பந்தியைத்தான்.

மைட்டோகாண்ட்ரியா ஏன் ஏமாற்றியது? சுவடிக்கே போவோம். மகா அவசரக்காரர்களான இரண்டு பேர், தனித்தனி ஊரில், தனித்தனி ஏட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். இருக்கும் எழுத்தோ நான்குதான். பிழை ஏராளமாக விழும்போது இருவரும் தற்செயலாக ஒரே இடத்தில் ஒரே பிழையை விட்டிருப்பார்கள். பார்க்கிறவனுக்குப் பகிர்ந்துகொண்ட பிழை மாதிரி தெரியும். இருவரையும் சொந்தக்காரர்கள் ஆக்கிவிடுவான். வேகமாக மாறும் வம்சங்கள் இப்படிப் பொய்யாக ஒட்டிக்கொள்வதற்கு நீள்கிளை ஈர்ப்பு என்று பெயர். தரைநத்தை மைட்டோகாண்ட்ரியா வேகக்காரன் என்று 12 சதவீதக் கேள்வியிலேயே பார்த்தோம். மருந்தும் இருக்கிறது: நடுவில் இன்னும் நிறைய இனங்களைச் சேர்த்துக் கிளையை உடைப்பது, எழுத்துக்குப் பதில் அமினோ அமிலத்தை ஒப்பிடுவது. முழுதாகக் குணமாகும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

"ஆனைமலை நத்தையும் நீலகிரி நத்தையும் ஒண்ணா? நடுவுல பாலக்காட்டுக் கணவாய் இருக்குதே?"

30 கிலோமீட்டர் அளவு அகலமான அந்தத் தாழ்வாரம் யானையையே பிரித்திருக்கிறது. நீலகிரி யானையும் ஆனைமலை யானையும் மரபில் வேறுபடுகின்றன. சோலைக் காட்டுப் பறவைகள், தவளைகள் பலவற்றிலும் இதே கதை. ரோட்டைத் தாண்டவே ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும் நத்தைக்குக் கணவாய் கடல் மாதிரி. அதனால் பொள்ளாச்சிப் பக்கத்து மலை நத்தையையும் மேட்டுப்பாளையத்துப் பக்கத்து மலை நத்தையையும் ஒரே பெயரில் எழுதுவதற்கு முன்னால் இரண்டையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பேன். கொல்லிமலை மாதிரி தனித்து நிற்கும் மலைகளுக்கும் அதேதான்.

இதைவிடப் பழைய பிரிவும் உண்டு. இலங்கையில் மட்டும் இருக்கும் அகாவஸ் என்ற அழகான பெரிய நத்தைக்கு, மடகாஸ்கரிலும் செஷல்ஸ் தீவிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நடுவில் கடல். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி வருடம். நிலம் பிரிந்தபோது நத்தையும் பிரிந்திருக்க வேண்டும். இந்த ஆழத்துக்குப் போனால், மேலே சொன்ன காரணத்துக்காக மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாக நம்பக் கூடாது.

"இத்தனையும் படிச்சு எங்களுக்கு என்னங் பிரயோசனம்? வாழைக்கு நத்தை போவுதா?"

டி.என்.ஏ. படித்தால் நத்தை போகாது. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் பப்பாளி இலை போட்டுவையுங்கள்; விடிகாலையில் அடியில் ஒண்டியிருப்பதைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம், மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும்.

ஆனால் யார் எதிரி, யார் ஊர்க்காரன் என்று தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் தீவுகளைப் பாருங்கள். ராட்சத நத்தையை ஒழிக்க யூக்லாண்டினா ரோசியா என்ற ஊனுண்ணி நத்தையை 1955இல் ஹவாயிலும், 1970களில் தஹிதி, மூரியா தீவுகளிலும் இறக்கினார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, ஹவாயில் அகாட்டினெல்லா, தஹிதி, மூரியாவில் பார்டுலா என்று அந்தந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத நத்தை இனங்களைத் தின்று தீர்த்தது. பல இனங்கள் அடியோடு போயின. நம் மலைகளிலும் வேறெங்கும் இல்லாத நத்தைகள் நிறைய. எல்லா நத்தையும் பயிருக்கு எதிரி அல்ல.

"மைட்டோகாண்ட்ரியா மரம் ஒண்ணு சொல்லுது, உட்கரு மரம் வேற சொல்லுது. நீங்க யார் கட்சி?"

கட்சி சேர்வதற்கு முன்னால், சண்டை ஏன் என்று பார்ப்பேன். கிட்டத்து இனங்களுக்குள் சண்டை என்றால் பெரும்பாலும் இரண்டும் உண்மையே சொல்லும். இரண்டு இனங்கள் எப்போதோ கலந்து, ஓர் இனத்தின் தாய்வழி மற்றதற்குள் குடியேறியிருக்கலாம். அம்மாயி வீட்டுக் கதையும் அப்பன் வீட்டுக் கதையும் வேறாக இருப்பதில் பொய் எதுவும் இல்லை. அந்தச் சண்டையே அங்கு நடந்த கலப்புக்குச் சாட்சி.

குடும்பம், வரிசை (ஆர்டர்) என்ற பெரிய உறவுகளில் சண்டை என்றால் நான் உட்கரு பக்கம்தான். அங்கே ஆயிரக்கணக்கான மரபணுக்கள் தனித்தனியாக வாக்களிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் 37ம் ஒரே வளையத்தில் ஒட்டியிருப்பதால் அத்தனைக்கும் சேர்த்து ஒரே வாக்கு.

"எங்க காட்டுல வித்தியாசமா ஒரு நத்தை பார்த்தேன். கொண்டாந்து குடுக்கட்டுமா?"

சொந்தக் காடு தோட்டம் என்றால் கொண்டுவாருங்கள்; வனத்துறைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வெறும் ஓட்டைக்கூட எடுக்க வேண்டாம். முதலில் இருந்த இடத்திலேயே மேல், கீழ், வாய்ப் பக்கம் என்று மூன்று போட்டோ. கையுறை அல்லது இலையால் எடுத்து, காற்றுத் துளை போட்ட டப்பாவில் இரண்டு ஈர இலையோடு வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். என்ன செடி, வேலியா வரப்பா, எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

செத்துப்போய்விட்டால் 95 சதவீத எத்தனாலில் போடலாம். ஆனால் ஓட்டில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இழுத்துக்கொண்ட சதைக்கு எத்தனால் எட்டாமல் அழுகிவிடும். ஃபார்மலின் மட்டும் வேண்டாம். போன வருடம் ஒரு பையன் பர்கூர் மலையடிவாரத்துத் தோட்டத்தில் எடுத்த இடஞ்சுழி நத்தை ஒன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று, ஆய்வகத்து ஃபார்மலின் ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பார்க்க இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது, அலமாரியில். ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியவில்லை.